நங்கூரம் கடையின் மீன் பர்கர்

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் 'நங்கூரம்' என்றொரு பர்கர் கடை இருந்தது. மாலையில் கல்லில் வெண்ணெய் போட்டால் போதும், தெருமுனை வரை ஆள் நிற்கும். ஊர் முழுக்கப் பேசியது அங்கே கிடைக்கும் சீலா மீன் பர்கரைப் பற்றித்தான்.

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் அன்சல்ம், விடுமுறை முடிந்து கிளம்புவதற்கு முதல் நாள் மனைவி ஜெசிந்தாவை அங்கே கூட்டிப்போனான். இவர்கள் முறை வருவதற்குள் மீன் தீர்ந்துவிட்டது. திரும்பி நடக்கும்போது அவன் சொன்னான்: "அடுத்து வந்ததும் மொத வேலை இதுதான். அதுவரைக்கும் நீயும் சாப்பிடக் கூடாது, ஜெசி." அவள் சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தாள்.

பிறகு அவன் கடலில், அவள் கரையில். மருத்துவமனைப் பணி முடிந்து அந்த வழியாகத்தான் அவள் வீடு திரும்புவாள். பன் வாட்டும் மணம் மூக்கில் ஏறும். அவளுக்குப் பசி எடுக்காது. அவன் நினைப்பு வரும். அதற்காகவே சில நாள் நடையைக் கொஞ்சம் தளர்த்துவாள்.

அந்த ஆண்டு சாலையை அகலப்படுத்துவதற்காகக் கடையிருந்த கட்டடத்தை இடிப்பதென்று முடிவாயிற்று. வயதாகிவிட்டது, இனி வேறிடத்தில் திறக்கப்போவதில்லை என்றார் கடைக்காரர். அன்சல்மின் கப்பலோ அதற்குள் திரும்புவதாக இல்லை. செய்தி கேட்டு அவன் போனில் பேசினான்.

"வாக்கெல்லாம் கெடக்கட்டும். அம்மாவையும் தம்பி லிகோரியையும் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிடு. எப்படி இருந்துச்சுன்னு மட்டும் ஒளிக்காமச் சொல்லு. உன் நாக்கை நம்பித்தான் கேக்கேன்."

கடைசி ஞாயிறன்று மூவரும் போனார்கள். மாமியார் பிலோமினா தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். "எம் பிள்ளை வாயில படாதது எனக்கு எதுக்கு?" என்றார். கொழுந்தன் லிகோரி இரண்டே கடியில் பாதியை முடித்தான்.

ஜெசிந்தா எதையும் எளிதில் மெச்ச மாட்டாள். குறை தேடித்தான் முதல் வாய் கடித்தாள். பன் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. மீன் துண்டு முள்ளில்லாமல், ஈரம் காயாமல் இருந்தது. பச்சை மிளகாய்ச் சட்னி முதலில் ஒளிந்திருந்து பிறகு மெல்ல ஏறியது. மாங்காய்க் கீற்று அதை அடக்கியது. குறை ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

வீடு வந்ததும் அழைப்பு வந்தது. போனை நடுவில் வைத்துப் பேசினார்கள்.

"எப்படி இருந்துச்சு, ஜெசி?"

அத்தனை தூரத்தில் இருப்பவனை இன்னும் ஏங்க வைப்பதா? "பெருசா ஒண்ணுமில்லங்க. ஊர்ப் பேச்சுதான் பெருசு" என்றாள்.

"மதினி சும்மா சொல்றாவ. நான் அப்படி ஒண்ணு சாப்பிட்டதே இல்லண்ணே. நீ இல்லாமப் போயிட்டியேன்னு இருந்துச்சு" என்றான் லிகோரி.

"நான் தொடவேயில்ல, ராசா" என்றார் தாய்.

"சரி, வேலை இருக்கு" என்று அவன் வைத்துவிட்டான்.

ஒருத்தி அவன் மனம் நோகாதிருக்கப் பொய் சொன்னாள். ஒருவன் நோகுமென்று தெரிந்தும் உள்ளதைச் சொன்னான். தாய் அவனுக்காக வாயைக் கட்டினார். மூவருக்கும் அவன்மேல் பாசம்தான். இவர்களில் அன்சல்முக்குச் சரியானதைச் செய்தவர் யார்? சொல்லுங்கள்.

விடை: லிகோரி. வாக்கை அன்சல்மே விட்டுக்கொடுத்துவிட்டான். தாய் பட்டினி கிடந்ததில் அவன் கேள்விக்குப் பதில் இல்லை. 'ஒளிக்காமச் சொல்லு' என்று கேட்டவனுக்குத் தான் சாப்பிடாததன் ருசியாவது வேண்டியிருந்தது. அதையும் ஜெசிந்தா இல்லாமல் செய்துவிட்டாள். இது முதலில் விளங்கியது அவளுக்குத்தான். மறுநாள் அவளே அழைத்தாள். "பொய் சொல்லிட்டேங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. நீங்க பக்கத்துல இல்லன்னு அழுகையா வந்துச்சு." "இப்பச் சொல்லு" என்றான். "பன்னுல இருந்து ஆரம்பி. மெதுவாச் சொல்லு."