மலை ரவுட்டரின் கதவுகள்

மருதாசலம் பாதி ஆயுளை டெலிபோன் கம்பங்களின் மேல் கழித்தவர். கம்பங்களுக்கு வேலை இல்லாமல் போனபின் இந்த அறைக்கு வந்தார். இங்கே அவருடைய குரு இளமதி, அவரைவிட வயதில் மிகவும் சிறியவள். அவர் அவளை மேடம் என்றார். அவள் அவரை அண்ணா என்றாள்.

ஊர் ஊராக இருக்கும் ரவுட்டர்களை அடிவாரத்து அறையில் உட்கார்ந்தபடியே திருத்துவது அவர்கள் வேலை. மற்றவற்றை அவரிடம் தனியாக விட்டுவிட்டாள். மலைமேல் மருத்துவமனையின் ரவுட்டரில் அவர் கை வைத்தால் மட்டும், பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள்.

"எப்பங்க மேடம் என்னைத் தனியா விடுவீங்க?"

"சாப்பாட்டு நேரம். மேல யாருக்கும் நெட் வேண்டியிருக்காது. உக்காருங்கண்ணா."

முதலில் அவளே ஒரு வரி அடித்தாள். ஒருவர் விசைப்பலகையில் கை வைத்தால் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது அந்த அறையின் வழக்கம். கடவுச்சொல் கண்ணில் பட்டுவிடக் கூடாது. மருதாசலம் மின்விசிறியைப் பார்த்தார்.

பிறகு அவர் உட்கார்ந்தார். வெளியிலிருந்து ரவுட்டருக்குள் போகும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார். மிச்சம் வைத்த ஒரே வழிக்கும் காவல் போட்டார்: இந்த ஆபீஸின் இணைய முகவரியிலிருந்து வருபவரை மட்டும் விடு. முகவரியைத் தாளில் பார்க்கவில்லை. எண்கள் அவருக்கு மனப்பாடம்.

"இனி ஒரு ஈ நுழையாது" என்று என்டரைத் தட்டினார்.

திரை உறைந்தது.

மறுபடி தட்டினார். அப்போதுதான் நினைவு வந்தது. ஆபீஸ் இந்தக் கட்டடத்துக்கு மாறியபோது இணைய முகவரியும் மாறிவிட்டது. விரல்கள் பழைய எண்ணைக் கொடுத்திருந்தன.

"நானே வெளியில நிக்கறனுங்க மேடம்."

"ஆமாங்கண்ணா. அந்த ஈயோட."

அவர் சன்னலில் தெரிந்த மலையைப் பார்த்தார். மதிய பஸ் போயிருக்கும்.

"எப்படியாச்சும் மேல போய் நேர்ல மாத்திட்டு வந்தர்றேன். அப்புறம் என்னைக் கேபிள் இழுக்கவே அனுப்பிருங்க."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். சற்று நேரத்தில் போன் அடித்தது. மலையிலிருந்து நர்ஸ்.

"நெட் போயிருச்சுங்க! அங்க என்னதான் பண்றீங்க?"

"வந்துரும் சிஸ்டர்" என்று இளமதி போனை வைத்தாள்.

மருதாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திரை அசைந்தது. மலை ரவுட்டர், உள்ளே வருபவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. உள்ளே எல்லாக் கதவுகளும் காலையில் இருந்தபடியே இருந்தன.

"மேல யாருங்க சரி பண்ணது?"

அவள் தான் அடித்த முதல் வரியைக் காட்டினாள். இன்னும் பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழு என்பது கட்டளை. எழும் ரவுட்டருக்குச் சேமிக்காத எதுவும் நினைவிருக்காது. வேலை சரியாக முடிந்தால் சேமித்துவிட்டு அந்தக் கட்டளையை நீக்கிவிடலாம்.

"நான் தப்புப் பண்ணுவேன்னு தெரியுமுங்களா?"

"தெரியாது."

"அப்புறம் ஏனுங்க?"

"நான் உக்காந்தாலும் அதைத்தான் முதல்ல அடிப்பேன்."

மருதாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒரு வரி அடித்தார். பிறகு முகவரித் தாளைத் தேடி எடுத்து முன்னால் வைத்தார்.

"பாக்கலாமுங்க மேடம். கடவுச்சொல் இல்லை."

அவள் அந்த வரியைப் பார்த்தாள். எழுந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"கூட இருக்க மாட்டீங்களா?"

"எதுக்குங்கண்ணா?"