பேருந்து நிறுத்தத்துக் கண்

ஒரு நகரத்தின் பேருந்து நிறுத்தத்தில் கேமராக் கண் ஒன்று வேலைக்கு வந்து சேர்ந்தது. விளக்குக் கம்பத்தில், விளக்குக்குச் சற்றுக் கீழே அதைப் பொருத்தியிருந்தார்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கூட்டம் சேர்ந்தால் பணிமனைக்குச் சொல்லி இன்னொரு பேருந்தை வரவழைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் கண் அதோடு நிற்கவில்லை. நிற்பவர்களின் முகங்களை அடையாளம் கண்டு, மறக்காமல் வைத்துக்கொண்டது.

"தலையை எண்ணுறதுக்கு முகம் எதுக்கு தம்பி?" என்று கேட்டது விளக்கு.

"எதுக்காவது உதவும்னுதான் வச்சிருக்காங்க அண்ணே," என்றது கண், பெருமையாக.

அந்த உதவிக்கும் வேளை வந்தது. நகரத்துக் கண்களையெல்லாம் மேய்க்கும் கட்டுப்பாட்டு அறைக்கு ஒருவன் மனைவியின் படத்தோடு வந்து அழுதான். காணாமல் போய்விட்டாளாம். படமும் பெயரும் கண்ணுக்கு வந்தன.

செங்கமலம்! தையல் கம்பெனியில் வேலை முடிந்து, சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்தபடி வருகிறவள்.

கண் முந்திக்கொண்டு சொன்னது: "எனக்குத் தெரியும். சாயங்காலமானா இங்கேதான் பஸ் ஏறுவாங்க."

ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்தோம் என்று அதற்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் மாலை அவன் நிறுத்தத்தில் காத்திருந்தான். அவனைக் கண்டதும் செங்கமலத்தின் கையிலிருந்து பை நழுவியது. திரும்பி ஓடப் பார்த்தவளின் கூந்தலை எட்டிப் பிடித்தான்.

"உன் அடி தாங்காமத்தானே ஓடிவந்தேன்! எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அதோ, அதுதான் காட்டிக்கொடுத்துச்சு," என்று கம்பத்தைக் காட்டிச் சிரித்தான் அவன்.

நின்றிருந்தவர்கள் பாய்ந்து அவனைப் பிடித்து இழுத்தார்கள். செங்கமலம் உதட்டில் ரத்தத்தோடு, வந்த பேருந்தில் தாவி ஏறினாள். ஏறுமுன் ஒரு தடவை நிமிர்ந்து கண்ணைப் பார்த்தாள்.

கண் கூனிக்குறுகிப் போனது. குனியக் கழுத்தில்லை, மூடிக்கொள்ள இமையில்லை. அவள் பார்வையை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றது.

அதன்பின் அவள் வரவில்லை. மற்றவர்களும் நிறுத்தத்தை விட்டு விலகி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வெயிலில் போய் நின்றார்கள். எண்ணிக்கை குறைந்தது. பேருந்துகளும் குறைந்தன.

ஏனென்று பார்க்க, கண்ணை வடிவமைத்த பொறியாளர் மெர்லின் ஏணியோடு வந்தாள்.

"அம்மா, என் பார்வையை எடுத்துடுங்க," என்றது கண்.

"ஏன், பழுதா?"

"பழுதில்லம்மா. வெட்கமா இருக்கு." நடந்ததையெல்லாம் சொன்னது. "அந்தப் பொண்ணு யாருக்குப் பயந்து வந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே சொல்லிட்டேன்."

மெர்லினால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை. "எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவும் பார்க்கட்டும்னு உன்னைச் செஞ்சது நான்தான்," என்றாள்.

இறங்கி, வெயிலில் நின்றவர்களிடம் போனாள். பூக்கூடையோடு நின்ற ஒருத்தி சொன்னாள்: "எண்ணிக்கோங்கம்மா, வேண்டாம்னு சொல்லல. நாங்க யாரு, எங்க போறோம்னு எதுக்கு? எங்க தலைக்கு மேல வைக்கிறதுக்கு எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"



மெர்லின் கம்பத்துக்குத் திரும்பி வந்து வேலையைத் தொடங்கினாள். இனி கண்ணுக்கு உடம்புகளின் சூடு மட்டும் தெரியும், புகைபோல. எண்ணி முடித்ததும் அதுவும் மறந்துவிடும். அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று கம்பத்தில் எல்லோரும் படிக்கப் பெரிதாக எழுதிவைத்தாள். கடைசியில், சேர்த்துவைத்திருந்த முகங்களை அழிக்கப் போனாள்.

"செங்கமலத்தோட முகத்தை மட்டும் விட்டுடுங்கம்மா. என்னைக்காவது வந்தாங்கன்னா மன்னிப்புக் கேட்கணும்."

"அதைத்தான் முதல்ல அழிக்கணும்," என்றாள் மெர்லின்.

மெல்ல மெல்ல ஆட்கள் நிழலுக்குத் திரும்பினார்கள். ஒரு மாலை, கூட்டத்தில் சேராமல் தனியாக ஒரு சூடு கம்பத்தடியில் வந்து நின்றது. எதையோ மார்போடு அணைத்திருந்ததுபோல் இருந்தது.

அவளாக இருக்குமோ? பக்கத்திலிருந்த விளக்கைக் கேட்டால் சொல்லிவிடும். "அண்ணே..." என்று வாயெடுத்தது கண்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே," என்று சொல்லிவிட்டு, அந்தச் சூட்டையும் கூட்டத்தோடு எண்ணிப் பேருந்தை வரவழைத்தது கண்.