தில்லைமுத்துவின் தளர்ச்சி

கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்த தில்லைமுத்து கையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அய்யா, ஒரு துளி விந்து போனா நாற்பது துளி ரத்தம் போன மாதிரியா?"

"யாரு சொன்னா?" என்றார் மருதப்ப வைத்தியர்.

"பழைய ஏட்டுல இருக்கு."

தில்லைமுத்து அதைப் படித்த நாளிலிருந்து வீட்டில் படுப்பதில்லை. வைத்தியசாலையிலேயே பாயைப் போட்டுக்கொண்டான். உள்ளங்கை வியர்த்தது, முழங்கால் நடுங்கியது, சோறு இறங்கவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று மனைவி செங்கமலம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். கட்டிக்கொண்டு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்று சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அவள் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வருகிறான். காலையிலிருந்து தில்லைமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏட்டைப் படிக்கதுக்கு முந்தி உடம்பு எப்படி?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நாள் முழுக்க விறகு பிளப்பேன்."

"பொண்டாட்டியோடதான இருந்தே?"

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "ஆமாய்யா. ஆனா உள்ளுக்குள்ளயே குறைஞ்சிருக்கும், எனக்குத் தெரியலை. ஒரு லேகியம் குடுங்க. தேறினதும் அவளைப் போய்க் கூட்டியாந்துருதேன்."

"வாசல்ல ஒருத்தன் இருக்கான். அவனைப் பாத்துட்டு வா."

வாசலில் ஒரு பனையேறி. வாட்டசாட்டமான ஆள், பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

"மரத்துல பாதி ஏறதுக்குள்ள கால் நடுங்குதுய்யா. விழுந்துருவேன்னு பயமா இருக்கு. வீட்டுக்காரி பக்கத்துலயும் போறதில்ல."

"எப்ப இருந்து?" வழக்கப்படி கேட்டுவிட்டான் தில்லைமுத்து.

"போன வாரம் சந்தையில நீங்கதான சொன்னிய, நாற்பது துளின்னு. அன்னையில இருந்துதான்."

நாடி பிடிக்க நீட்டிய கையைத் தில்லைமுத்து இழுத்துக்கொண்டான். எழுந்து உள்ளே வந்தான்.

"என்ன மருந்து குடுத்தே?" என்றார் வைத்தியர்.

"என்ன குடுக்கன்னே தெரியலைய்யா. அப்ப ஏடு பொய்யா?"

"எழுதினவருக்கும் யாரோ சொல்லியிருப்பாங்க."

"அவனுக்காவது ஒரு லேகியம்..."

வைத்தியர் கல்வத்தைத் தன் பக்கம் இழுத்து, மிச்சத்தை அரைக்க ஆரம்பித்தார்.

"காது வழியாப் போன நோய் தில்லை. வாய் வழியா என்னத்தைக் குடுத்து எடுக்கப் போற? அது பொய்யின்னு வாசல்ல இருக்கவன்கிட்ட ஒரு தடவை சொல்லு. வீட்டுல இருக்கவகிட்ட ஒரு தடவை சொல்லு. வண்டி வரதுக்குள்ள."