வெயில் பாறையின் சரிவு

ஒரு காட்டில், ஆழமான ஓடைப் பள்ளத்தின் விளிம்பில், அகலமான பாறை ஒன்று கிடந்தது. வெயில் பாறை என்று அதற்குப் பெயர். மழைக்காலம் முடிந்து முதல் வெயில் அடிக்கும் காலையில், அந்தக் காட்டுத் தாய்க் கரடிகள் குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு பாறையின் கீழ் ஓரம் வரை போகும். அங்கேதான் வெயில் முதலில் விழும்.

நம் கதையில் வரும் கரடியும் ஒரு காலத்தில் அம்மாவின் முதுகில் அப்படிப் போனதுதான். அம்மாவின் ஈர முடி வாசனையும், வயிற்றுக்கு அடியில் மெல்ல ஏறிய பாறைச் சூடும், பக்கத்துப் பொந்திலிருந்து எட்டிப் பார்த்த உடும்புக் குட்டியும் அதற்கு அப்படியே நினைவில் இருந்தன. அம்மா இறந்து பல காலம் ஆகியும், முதல் வெயில் வந்தால் கரடிக்கு ஏக்கமாகிவிடும். அந்த ஆண்டுதான் அதற்கு முதன்முதலாக இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. இனி அது சும்மா இருக்குமா, குழந்தைகளே? மழை விட்டதும் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

பாறைக்குப் பக்கத்தில் உடும்பு நின்றிருந்தது. இரண்டும் சிறுவயதுத் தோழிகள். கரடிக்கு எதையும் உடனே நம்பும் குணம். உடும்புக்கு எதையும் இரண்டு முறை பார்க்கும் குணம்.

"இன்றைக்கு வேண்டாமடி," என்றது உடும்பு. "ஒவ்வொரு மழைக்கும் கீழ்ப்பக்கத்து மண் கரைந்துகொண்டே வருகிறது. பாறை ரொம்பச் சாய்ந்துவிட்டது. பள்ளத்தில் விழுந்தால் குட்டிகள் பிழைக்காது."

கரடி சிரித்தது. "போடி, உனக்கு எப்போதும் சந்தேகம்தான். என் அம்மா என்னைக் கூட்டிவந்த பாறை இது. ஒரு நாளாவது என்னை வழுக்கிவிட்டிருக்கிறதா?"

"அப்போது இது தரை மாதிரி இருந்தது."

"அந்தக் கற்களைப் பார்," என்றது கரடி. பாறையின் நடுவே தட்டையான பெரிய கல் ஒன்றும், அதிலிருந்து உடைந்த சின்னச் சில்லு ஒன்றும் கிடந்தன. "நாம் விளையாடிய காலத்திலிருந்து அங்கேயே கிடக்கின்றன. பாறை சாய்ந்திருந்தால் அவை நகர்ந்திருக்காதா?"

"சாயச் சாயக் கல்லும் பாறையும் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடிக்கும் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் கல் நிற்காது."

"கல் நிற்காவிட்டாலும் நான் நிற்பேன். என் கனம் என்ன, அந்தக் கல்லின் கனம் என்ன? கனமாக இருப்பவர்களைப் பாறை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்."

இந்தப் பிடிவாதக்காரியிடம் என்ன சொல்லி என்ன பயன் என்று உடும்புக்கு ஆயாசமாக வந்தது. ஆனால் அதன் கண் குட்டிகள் மேலேயே இருந்தது.

"சரி, நீ சொல்வதே உண்மையாக இருக்கட்டும்," என்றது. "குட்டிகளுக்கு உன் கனம் கிடையாதே? அப்படியென்றால் பாறை அவற்றைப் பிடிக்காதே?"

தன் பேச்சே தன்னை மடக்கும் என்று அது நினைக்கவில்லை. "அப்படியானால் நான் மட்டும் முதலில் போய்ப் பார்க்கிறேன்," என்று முணுமுணுத்துக் குட்டிகளைத் தரையில் இறக்கிவிட்டது.

கரடி பாறையில் இறங்கி நடந்தது. கற்களைத் தாண்டிக் கீழ் ஓரத்துக்குப் போனது. பழைய இடத்தில் முதல் வெயில் விழுந்திருந்தது. கரடி கண்ணை மூடிப் படுத்தது. ஒரு கணம் அம்மா பக்கத்தில் இருப்பது போலவே இருந்தது. அந்த ஒரு கணம் அதற்கு அத்தனை சந்தோஷம்.

அடியில் மிச்சமிருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பாறை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

பெரிய கல்லும் சில்லும் சேர்ந்தே நகரத் தொடங்கின. கரடியும் வழுக்கியது. கல்லுக்குக் காட்டாத சலுகையைப் பாறை கரடியின் கனத்துக்கும் காட்டவில்லை. நகங்கள் கீறின, பதியவில்லை. அலறியபடியே கரடி பள்ளத்தில் போய் விழுந்தது.

குட்டிகள் அம்மாவிடம் ஓடப் பார்த்தன. உடும்பு குறுக்கே படுத்து அவற்றை மறித்தது.

நல்ல வேளையாகக் கரடி இலந்தைப் புதரில் விழுந்திருந்தது. உடம்பெல்லாம் முள், ஒரு கால் வீங்கிவிட்டது. சுற்றுவழியாக நொண்டி நொண்டி மேலே வந்து, இரண்டு குட்டிகளையும் அணைத்துக்கொண்டு அழுதது.

"என் அம்மா இங்கே பயமே இல்லையென்று சொன்னாளே," என்றது.

"அவள் பொய் சொல்லவில்லையடி. அன்றைய பாறையைச் சொன்னாள்," என்றது உடும்பு.

கரடி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பாறையை விட்டு விலகியது. பிறகு பக்கத்துச் சமதரையில், புல் காய்ந்திருந்த இடமாகப் பார்த்துப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் வெயில் அங்கேயும் வந்தது. குட்டிகள் அம்மாவின் வயிற்றில் ஏறித் தூங்கிவிட்டன. வெயில் பாறையில் படுக்கவில்லையே என்ற ஏக்கம் அவற்றுக்கு இல்லை.

நீதி: நேற்று தாங்கிய இடம்தான் என்றாலும், இன்றைய சரிவைப் பார்த்தே கால் வைக்க வேண்டும்.