கிழக்கே விழுந்தவர்

அந்த மலையடிவாரத்து மடத்தில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. சித்திரைப் பௌர்ணமிக்கு மலையேற ஆசைப்படுகிறவர், முந்தின நாள் காலையில் முற்றத்தில் வந்து ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். எதிரே தட்டில் கற்பூரம் எரியும். அது அணையும்வரை தூக்கிய கால் தரையில் படக் கூடாது. பட்டால் அந்த வருஷம் மலை கிடையாது.

காரணம் இல்லாமல் இல்லை. பாதி மலையில் வழுக்குப்பாறை இருக்கிறது. பிடித்துக்கொள்ளச் செடி கொடி எதுவும் கிடையாது. ஒரு காலை ஊன்றி, மறு காலால் அடுத்த இடத்தைத் துழாவித்தான் கடக்க வேண்டும். முன்பு அங்கே ஆட்கள் தவறி விழுந்திருக்கிறார்கள். தெம்பு இருக்கிறதா என்று வாயைக் கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்லும். காலைக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடும்.

நல்லபெருமாளின் கால் போன இரண்டு சித்திரையிலும் உள்ளதைச் சொல்லிவிட்டது. அறுபது தாண்டிய மனிதர், மடத்திலேயே தங்கியிருப்பவர். இந்தத் தடவை விடுவதில்லை என்று மாசியிலேயே பழக ஆரம்பித்துவிட்டார்.

உச்சியில் பெரிய கோயில் ஒன்றும் இல்லை. ஒரு கல், அதில் சாத்திய ஒரு வேல். ஆனால் பௌர்ணமியன்று அங்கே நின்று, பிரிந்துபோனவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், எந்த ஊரில் இருந்தாலும் தேடி வந்துவிடுவார் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. நல்லபெருமாளிடமும் கூப்பிட ஒரு பேர் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. சொல்லாத பேர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்து குத்தியது.

மடத்தை நடத்துகிறவர் ஞானவல்லி அம்மா. நாற்பதைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். சின்ன வயதில், முன்பு மடத்தை நடத்திய பெரிய சாமியிடம் வந்து சேர்ந்து, அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். நல்லபெருமாள் தினமும் விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, அம்மாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுவார். அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. குருவுக்கு வயது ஏது?

விழுந்து எழுந்த கையோடு முற்றத்துக்குப் போய், வடக்கே மலையைப் பார்த்து ஒரு காலைத் தூக்குவார். அந்த நேரத்தில் அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார். சமையற்கட்டிலிருந்து மடத்துச் சமையல்காரர் ஆவுடையப்பன் எட்டிப் பார்ப்பார்.

"என்ன வே, கொக்கு நின்னாலாவது மீன் கிடைக்கும். ஒமக்கு என்ன கிடைக்கும்?"

நல்லபெருமாள் மூச்சை அடக்கிக்கொண்டு மலையையே பார்ப்பார். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போகும். அப்புறம் எங்கேயோ ஒரு ஆட்டம் தொடங்கும். கை இரண்டும் காற்றில் அலையும். பொத்தென்று விழுவார்.

அம்மா எழுந்து வந்து, அவர் கை ஊன்றிய இடத்தில் கோலமாவால் ஒரு புள்ளி வைப்பார். திரும்பிப் போய்விடுவார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். வலது காலை மாற்றி இடது காலை ஊன்றிப் பார்த்தார். மலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். கண்ணை மூடிப் பார்த்தார். எப்படி நின்றாலும் கடைசியில் ஒரு புள்ளிதான் மிச்சம். முற்றம் கூட்டுகிறவர்களிடம் அந்த இடத்தில் மட்டும் விளக்குமாறு படக் கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தார்.

பங்குனி முடியப் போகிறது. முழங்கையில் சிராய்ப்போடு நல்லபெருமாள் அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அய்யா."

"விழாம நிக்கிறது எப்படி?"

அம்மா அவரை முற்றத்துக்கு அழைத்துப் போனார்.

"இத்தனை நாள் விழுந்திருக்கீங்க. எந்தப் பக்கம்னு பாருங்க."

நல்லபெருமாள் குனிந்து பார்த்தார். நின்ற இடத்துக்கு மேற்கே ஒரு புள்ளிகூட இல்லை. வடக்கேயும் இல்லை, தெற்கேயும் இல்லை. அத்தனையும் கிழக்கே கிடந்தன.

"வலது காலு கொஞ்சம் பலக்குறைவும்மா."

"இடது கால்ல நின்னப்பவும் அங்கதான விழுந்தீங்க?"

"காத்தா இருக்கும்."

"பங்குனி வெயில்ல எங்க வே காத்து? ஒரு இலை அசையல" என்றார் ஆவுடையப்பன், கரண்டியும் கையுமாக.

"கிழக்க என்ன இருக்கு?" என்றார் அம்மா.

"ரோடு."

"ரோட்டுல?"

"காலையில ஒரு பஸ் போகும்."

"எங்க போகும்?"

நல்லபெருமாள் ரோட்டுப் பக்கம் திரும்பினார். தினமும் அந்த பஸ்ஸின் ஹாரன் கேட்கிற நேரத்தில்தான் தன் கால் ஆடத் தொடங்குகிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"செண்பகம் ஊருக்கும்மா."

ஆவுடையப்பன் கரண்டியைத் தாழ்த்தினார். இவருக்கு ஒரு செண்பகம் உண்டு என்று மடத்தில் யாருக்கும் தெரியாது.

"எம் மக. ஒங்க வயசுதான் இருக்கும்." நல்லபெருமாள் கிழக்கே பார்த்தபடியே பேசினார். "அவளுக்கு ஒரு பையனைப் புடிச்சுது. வேற சாதி. கூடவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னேன்."

சொன்ன பிறகுதான், சொன்னது அவர் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப விழலையா?" என்றார் அம்மா.

"விழலம்மா. வீட்டுக்காரி அழுதா. அந்தப் பையனே வந்து கும்பிட்டான். நான் அசையல. மக அவங்கூடப் போயிட்டா. அப்புறம் அவ ஆத்தா செத்தன்னிக்கு ஓடி வந்தா. வாசப்படி ஏறக் கூடாதுன்னுட்டேன். தெருவுல நின்னே அழுதுட்டுப் போனா."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாக்கணும்மா. சாகறதுக்குள்ள ஒரு தடவை அவ வாயால அப்பான்னு கேக்கணும். மேல போய்ப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்துருவாள்ல? அதுக்குத்தான் இந்தப் பாடு."

"பஸ்ஸுல போனா எப்பப் போய்ச் சேரலாம்?"

"மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிரலாம்."

"ஏறினதே இல்லையா?"

"ரோடு வரைக்கும் போயிருக்கேன். பஸ் வரும். கையை நீட்ட வராது." நல்லபெருமாளின் முகம் கொஞ்சம் இறுகியது. "பெத்தவன் நாந்தானம்மா? அவ வரதுதான முறை?"

அம்மா கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பௌர்ணமிக்கு முந்தின காலை வந்தது. இளவட்டங்கள் ஒவ்வொருவராக நின்று தேறினார்கள். கடைசியாக நல்லபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். வலது காலைத் தூக்கினார்.

இந்தத் தடவை கால் ஆடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன்கூடக் கேலி பேச மறந்துபோனார். கற்பூரம் கரைந்து, தட்டில் ஒட்டிய சின்னச் சுடராகிவிட்டது. இன்னும் ஒரு மூச்சு. மனசுக்குள் செண்பகம் செண்பகம் என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

தூரத்தில் ஹாரன் கேட்டது.

பல்லைக் கடித்தார். கண்ணை இறுக்கினார். ஊன்றிய கால் நடுங்கியது. சுடர் அணைவதற்கு முன்னால் விழுந்துவிட்டார், கிழக்கே.

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை. மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"போச்சும்மா. இந்த வருஷமும் போச்சு. அடுத்த சித்திரைக்கு நான் இருக்கேனோ என்னவோ."

அம்மா அவர் அருகில் வந்தார். அன்று கையில் கோலமாவு இல்லை. நல்லபெருமாளின் துணிப்பை இருந்தது. அதை அவர் மடியில் வைத்துவிட்டு ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். நடு ரோட்டில் நின்று கையை நீட்டினார்.

பஸ் நின்றது.

நல்லபெருமாள் பையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். அப்புறம் கால் நகரவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"படியேறக் கூடாதுன்னு சொன்னவன் நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வாசல்ல போய் நிப்பேன்?"

"யாரு ஒங்களை நிக்கச் சொன்னது?" என்றார் அம்மா. "தெனமும் காலையில எங் கால்ல விழுறீங்கள்ல? எனக்கும் அவ வயசுதான்."