விரிசலுக்கு நேர் கீழே

திருப்பூரில் பொன்னுரங்கத்துக்கு ஒரே கான்கிரீட் கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு லைன் வீடுகள் இருந்தன. மூன்றாவது வீட்டில், பனியன் கம்பெனிக்குப் போகும் மரகதம் இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தாள். கூரையில் விரல் நுழையும் விரிசல். காரை பெயர்ந்து பிள்ளைகளின் பாயில் விழும். எத்தனை முறை கெஞ்சியும் பொன்னுரங்கம் ரிப்பேர் பார்க்கவில்லை. கடைசியில் அவள் மாநகராட்சியில் மனு கொடுத்தாள்.

இன்ஜினியர் வருகிறார் என்றதும் பொன்னுரங்கம் வெள்ளையடிக்கிற இருளப்பனைக் கூப்பிட்டார். "விரிசல் இருந்த இடமே தெரியக்கூடாது. தெரிஞ்சா உனக்கு இனி இங்க வேலையில்ல."

இருளப்பன் வேறு வழியின்றிப் பூசி மறைத்தான். மறுநாள் இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"பாறை மாதிரி கூரைங்க சார்," என்றார் பொன்னுரங்கம்.

இருளப்பன் பூசிய இடத்துக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டான். "முதலாளி, இதுல உக்காருங்க. நான் மேல ஏறி நாலு குதி குதிச்சுக் காட்டறேன்."

பொன்னுரங்கம் ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய்விட்டார். இன்ஜினியருக்கு விஷயம் புரிந்தது.

கூரை ஆபத்தானது என்று அன்று மாலையே மாநகராட்சி ஆட்கள் பன்னிரண்டு வீடுகளுக்கும் சீல் வைத்தார்கள். பிள்ளைகளோடும் பாத்திரங்களோடும் மரகதம் தெருவில் மழையில் நனைந்தபடி இருளப்பனைப் பார்த்தாள்.

"புள்ளைங்க தலை தப்பிச்சுதுங்கண்ணா. இந்த மழையில இவங்களக் கூட்டிக்கிட்டு நான் எங்கே போறது?"

இருளப்பன் தன் சுண்ணாம்புச் சாக்கை உதறிப் பிள்ளைகளின் தலைக்கு மேல் பிடித்தான்.