துண்டு போட்ட நாற்காலி

கடலை மில் முதலாளி தங்கமாரியப்பர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்தினார்.

“இனிமே எவன் தோள்லயும் துண்டு இருக்கக் கூடாது! வேர்வை தொடைக்க, சும்மாடு கட்ட, அதை விட்டா துண்டு எதுக்குடா? எனக்குத் தெரியாத உபயோகம் ஒண்ணு சொல்லு, விட்டுடறேன்.”

மூட்டை தூக்கும் ஒச்சப்பன் தோளிலிருந்து துண்டை உருவி, காலியாகக் கிடந்த நாற்காலியில் வீசினான்.

“என்னடா இது?”

“இடம் பிடிச்சிருக்கேன் மொதலாளி. டவுன் பஸ்ல ஜன்னல் வழியாப் போடுவோம். கார்ல போற உங்களுக்கு எங்க தெரியப்போகுது?”

முதலாளி உட்காரப் போனார்.

“துண்டு போட்ட சீட்டு, மொதலாளி!” என்று மில்லே அலறியது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது சட்டம் அல்லவா?

ஒச்சப்பன் சாவகாசமாக உட்கார்ந்தான். முதலாளி கால் மாற்றி மாற்றி நின்று பார்த்தார். கடைசியில் குரல் இறங்கியது.

“சரி, துண்டு இருந்துட்டுப் போகட்டும். கொஞ்சம் தள்ளி உக்காருப்பா.”